டிரெய்லர் வைத்திருப்போர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். அடுத்த முகாமுக்குக் கிளம்பும் முன், காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் டிரெய்லரின் டயர்களைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் தயாரான டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர் வரிகள்) தேயவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஓடாமலே ரப்பர் கெட்டுப்போகும். ஆறு ஆண்டு கடந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.

கூரை இணைப்புகளையும் பாருங்கள். சென்ற மழைக்குப் பின் என் வண்டியின் ஜன்னலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். பலகை ஊறிய அட்டை போல அமுங்கியது. காரணம், மேலே மயிரிழை அளவு வெடிப்பு!

சாமான்களைப் பின்பக்கம் குவிக்க வேண்டாம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டும். அது உயிருக்கே ஆபத்து.