சிலந்தியைக் கொல்லும் அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நெல் பூச்சிக் கட்டுரையில், சிலந்தி முட்டைகளை அழிக்கும் குளவிகளைக் கண்டால் உடனே மருந்து தெளிக்க வேண்டும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. பல வருடமாகச் சந்தா கட்டி வாசிக்கிறவன் நான். எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தக் குளவி எவ்வளவு சிறியது என்பது தாங்கள் அறியாததல்ல. பேயஸ் என்ற குளவி இனத்தில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, ஒரு மில்லிமீட்டர்கூட இராது. சிலந்தியின் பட்டுப் பைக்குள் ஊர்ந்து நுழைந்து, முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். வரப்புப் புல்லில் ஒட்டியிருந்த ஒரு பையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டிவைத்தேன். பாதி முட்டைகளில் சிலந்திக் குஞ்சு வந்தது. மீதியில் தூசி மாதிரி கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. லென்ஸ் வைத்தால்தான் கால் தெரிந்தது. இதை வயலில் நின்று யார் கண்டு மருந்தடிப்பது? முட்டைக்குள் இருக்கும் குளவிப் புழுவை மருந்து எட்டுவதற்குள் வெளியே திரியும் சிலந்தி செத்துப்போகும். சிலந்தி போனால், அது பிடித்துத் தின்னும் புகையான், நெல் தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி, ஏறும். மருந்தடித்து அடித்துப் புகையானை வளர்த்துவிட்டோம் என்று உணர்ந்துதான் இந்தோனேசியாவில் 1986-ல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள்.

பக்கத்து வயல் தம்பி, பூச்சி முட்டையை அழிக்கும் குளவியை ஒட்டி விற்கும் காகித அட்டையை, அதாவது முட்டை ஒட்டுண்ணி அட்டையை, வயலில் கட்ட மாட்டேன் என்கிறான். "சிலந்தி முட்டையத் தின்னுருமாம்ணே, புத்தகத்துலயே போட்டிருக்கான்" என்கிறான். அந்த அட்டையில் இருக்கும் டிரைக்கோகிரம்மா வேறு குளவி, அது தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியின் முட்டையைத் தேடிப் போவது. சிலந்திக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அவனிடம் நான் சொன்னால் எடுபடவில்லை. அச்சில் வந்ததுதான் பெரிதாக இருக்கிறது.

முன்பு, பூச்சியைத் தின்று நன்மை செய்யும் பொறிவண்டின் புழுவைப் படம் போட்டுத் தீமை செய்யும் பூச்சி என்று எழுதினீர்கள். உடனே கடிதம் போட்டேன், பதில் இல்லை. கேள்வி பதில் பகுதியில் எதைக் கேட்டாலும் முதலில் ஒரு மருந்தின் பெயர், எதிர்ப் பக்கத்தில் அதற்கே விளம்பரம். புகையான் கண்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள் என்று நான் எழுதிய கடிதத்தில் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை வெளியிட்டீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டுதான் சந்தாவைப் புதுப்பித்தேன்.

சம்பா நடவு தொடங்குமுன், அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். ஒட்டுண்ணி அட்டைக்கும் சிலந்திக்கும் பகை இல்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து நெல் விவசாயி ஒருவர்