சிரசுக்கு நீ வரவில்லை

அன்புள்ள சரவணனுக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தறி ஓடுகிறது, நூல் விலைதான் நிற்காமல் ஏறுகிறது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் சந்தைக்கு வந்துவிட்டது.

வைகாசி முதல் தேதி நம் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. வேலைக்குப் போன பிறகு ஒரு வருடமும் நீ தவறவிட்டதில்லை. தரணம்பேட்டையில் புறப்பட்ட அம்மன் சிரசு கோபாலபுரம் போகும் வழியில் நம் தெருமுனையைக் கடந்தபோது, உன் அம்மா சிரசைப் பார்க்கவில்லை, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். லீவு கிடைக்கவில்லை என்றாய். லீவு கிடைக்காதவன் மூன்று வாரமாக வேலைக்கே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒரு கேள்வி கேட்டேன், அழுதுவிட்டாள்.

அம்மா அனுப்பிய தாயத்து வந்து சேர்ந்திருக்கும். கட்டிக்கொள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. மாத்திரை மூளையை மழுக்கிவிடும் என்று அம்மாவிடம் யாரோ ஓதியிருக்கிறார்கள். உன்னைச் சோளிங்கருக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்க வேண்டும் என்கிறாள். போகலாம், நானும் வருகிறேன். நரசிம்மர் இருக்கிற பெரிய மலைக்கு 1,305 படி. இப்போது ரோப்கார் விட்டிருக்கிறார்கள், என் மூட்டுக்கு அதுதான் சரி. தக்கான்குளத்தில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு சின்ன மலை ஆஞ்சநேயரிடம் போகிறவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். மனம் லேசாகித் திரும்பியவர்கள் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சட்டைப் பையில் மாத்திரை இருக்கட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

போன வாரம் அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். "நோயாளி யார்?" என்று டாக்டர் கேட்டார். "பெங்களூரில் இருக்கிறான்" என்றேன். சிரிக்காமல் பதில் சொன்னார், நல்ல மனிதர். மனச்சோர்வு மாத்திரை காய்ச்சல் மாத்திரையைப் போல் ஒரே நாளில் வேலை செய்யாதாம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகுமாம். அதற்கு முன்பே வாய் உலர்வது, குமட்டல் எல்லாம் வரலாமாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுதிக்கொடுத்தவரிடமே சொல்லி மாற்றிக்கொள். நீயாக நிறுத்தாதே.

இந்தக் கிழவன் ஏன் இதையே திருப்பித் திருப்பி எழுதுகிறான் என்று நினைப்பாய்.

1998-ல் பெரிய அத்தையோடு நான் வேலூர் பாகாயத்தில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். 1957-லிருந்து அங்கே நடக்கிற சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். உன் தங்கை அப்போது கைக்குழந்தை, அதனால் அம்மாவால் முடியவில்லை, நான் இருந்தேன். அத்தைக்குத் தலை வாரிப் பின்னல் போட அங்கேதான் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் பழையபடி தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தாள். நான்கு மாதம் நன்றாக இருந்தாள். அதன் பிறகு அவளே மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம்?

அது பொய். மாத்திரை இருக்கும்வரை சாமி இறங்காது என்று குறி சொல்பவர் ஒருவர் சொன்னார். சொன்னது அவர், நிறுத்தியது நான். அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். "அண்ணா, ராத்திரி மாத்திரை எங்கே?" என்று இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை.

அப்புறம் அவளைக் கட்டிவைக்கச் சொன்னார்கள். பஜாரில் சங்கிலி வாங்கியதும் நான்தான். "எந்த மாட்டுக்கு?" என்று கடைக்காரர் அளவுக்காகக் கேட்டார். "கன்றுக்குட்டிக்கு" என்றேன். நாற்பது நாள் அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. என் கையால் போட்ட சோற்றை அத்தை கடைசிவரை தொடவில்லை. ஏன் என்று நீ சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டாய்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படித்த அன்று நான் தறியில் இறங்கவில்லை. வயிற்றுவலி என்றேன். நீ ஆறாவது படித்தாய், ஓடிப்போய் ஓமத்தண்ணீர் வாங்கி வந்தாய். அதையும் குடித்தேன். இப்போது யாரையும் அப்படிக் கட்டக்கூடாது என்று 2017-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சொந்தத் தங்கையைக் கட்டாமல் இருக்க எனக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்ததா?

நம் தெருவில் முதல் எஞ்சினியர் நீ. அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதனால்தான் என்னிடம் மறைத்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. வேலை போனால் போகட்டும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நடு இரவில் மனம் தாங்காவிட்டால் 14416-க்கு ஃபோன் செய். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எனக்கும் ஃபோன் செய், நான் எப்படியும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது பார்க்கிற டாக்டர் பிடிக்கவில்லை என்றால் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி உன் ஊரிலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மாவை அழைத்துவரவில்லை, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். டாக்டரிடம் போகும்போது உன்னோடு வருகிறேன். நீ கூப்பிட்டால் உள்ளே வருவேன், இல்லாவிட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கத்தரிக்காய் இரண்டு கிலோ கொண்டுவருகிறேன், மருமகளிடம் வேறு காய் வாங்க வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
நைனா
குடியாத்தம்