நிறைகல்லைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உழைப்பையும் செல்வத்தையும் பற்றி வேதாகமம் சொல்வதைத் தொகுத்து உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோம்பற்கை ஏழையாக்கும் என்ற நீதிமொழிகள் 10:4, எறும்பிடம் போய்ப் பாடம் படிக்கச் சொல்லும் 6:6, வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது என்ற பவுலின் வாக்கு எல்லாம் அதில் இருந்தன. படித்து முடித்ததும் ஏழையாக இருக்கிறவன் எல்லாம் சோம்பேறி என்றே ஒருவருக்குத் தோன்றும். அந்தப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை.

பவுலின் வாக்கு 2 தெசலோனிக்கேயர் 3:10இல் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அது 'வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்' என்று தெளிவாகவே உள்ளது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதிப் பேர் அந்த 'மனதில்லாதிருந்தால்' என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். வேலை கிடைக்காதவனும் உடம்புக்கு முடியாதவனும் அந்த வசனத்துக்குள் வரவே மாட்டார்கள். எறும்பைப் புகழும் அதே நீதிமொழிகளில்தான் 13:23ம் இருக்கிறது: ஏழையின் வயல் நன்றாகவே விளைகிறது, நியாயம் கிடைக்காததால்தான் அவன் கெட்டுப்போகிறான். அப்படியானால் விளைந்தது எங்கே போனது? அதற்கு வேதாகமம் இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஒன்று தராசு, இன்னொன்று கூலி.

நீதிமொழிகளில் மட்டும் 11:1, 16:11, 20:10, 20:23 என நான்கு முறை தராசும் நிறைகல்லும், அதாவது எடைக்கல்லும், வருகின்றன. மோசேயின் சட்டத்தில் லேவியராகமம் 19:35-36, உபாகமம் 25:13-15. தீர்க்கதரிசிகளில் ஆமோஸ், மீகா, ஓசியா, எசேக்கியேல். பிரசங்கங்களில் இதை 'மனசாட்சி என்னும் தராசு' என்று ஆக்கிவிடுவது வழக்கம். இவை பேசுவதோ சந்தையில் தொங்கிய நிஜத் தராசைப் பற்றி.

அன்று இஸ்ரவேலில் நாணயம் கிடையாது. வெள்ளித் துண்டைத் தராசில் நிறுத்துத்தான் விலை கொடுத்தார்கள். தானியத்தை எப்பா என்ற மரக்காலால் அளந்தார்கள். ஓர் எப்பா ஏறக்குறைய 22 லிட்டர். ஆக வியாபாரியின் கையில் சரக்குக்கு ஓர் அளவு, பணத்துக்கு ஒரு கல். ஆமோஸ் 8:5-6 சொல்லும் மோசடி இரண்டிலும் கை வைக்கிறது: எப்பாவைச் சிறிதாக்குவது, வெள்ளியை நிறுக்கும் சேக்கல் கல்லைக் கனமாக்குவது. போதாதற்குத் தராசையும் கோணலாக்கி, தானியத்தில் பதரையும் கலப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, வெள்ளிக் கல்லில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், வாங்குகிறவன் 0.9 பங்கு தானியத்துக்கு 1.1 பங்கு வெள்ளி கொடுக்கிறான். விலை 22 சதவீதம் ஏறிவிட்டது. பார்வைக்கு இரண்டுமே அற்ப வித்தியாசம், யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கற்கள் யூதேயாவில் தோண்டிய இடமெல்லாம் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்தான். மேலே உருண்டு, அடி தட்டையாக இருக்கும். சேக்கல் கல் சுமார் 11.3 கிராம். அதில் பாதி பெக்கா, ஆலயத்துக்காகத் தலைக்கு இவ்வளவு என்று யாத்திராகமம் 38:26 சொல்லும் அரைச்சேக்கல் அதுதான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ள கல்லின் பெயர் பிம். 1 சாமுவேல் 13:21இல் 'அரங்கள்' என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பு எழுதிய இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது இந்தப் பிம்தான். கலப்பையையும் மண்வெட்டியையும் தீட்டிக் கொடுக்க பெலிஸ்திய கொல்லர்கள் வாங்கிய கூலி அது. கல் கிடைத்த பிறகுதான் அந்த வசனத்தின் பொருளே விளங்கியது.

எருசலேமில் கிடைத்த ஒரு சிறு கல்லில் 2 கேரா என்று பொறித்திருக்கிறது. கேரா என்பது சேக்கலில் ஒரு சிறு பங்கு. அந்தக் கணக்கில் அது 1 கிராமுக்கும் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். இருப்பதோ சுமார் 3.6 கிராம். 'உன் பையிலே பெரிதும் சிறிதுமான' கற்கள் வேண்டாம் என்று உபாகமம் சொல்வதன் பொருளை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. கற்களைப் பையில்தான் எடுத்துப் போவார்கள். சரக்கை நிறுத்து வாங்கும்போது கனமான கல், நிறுத்து விற்கும்போது இலேசான கல்.

கல் சரியாக இருந்தாலும் கோல் ஏமாற்றும். தராசுக் கோலின் நடுத்துளை சற்றுத் தள்ளி, ஒரு கை 20 செ.மீ., மறு கை 21 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை நீண்ட கைப் பக்கம் வைத்தால் 1 கிலோ கல்லுக்கு 952 கிராம் சரக்கே போதும், முள் நேராக நின்றுவிடும். குட்டைக் கைப் பக்கத் தட்டைக் கொஞ்சம் கனமாக அடித்திருந்தால் வெறுந்தராசும் சமமாகத்தான் தெரியும். அதனால் வெறுந்தராசைப் பார்த்து நம்பக் கூடாது. நிறுத்த பிறகு கல்லையும் சரக்கையும் தட்டு மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். கோல் சாய்ந்தால் அது கள்ளத்தராசு.

நீதிமொழிகள் 11:1இல் 'சுமுத்திரையான நிறைகல்' என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. மூலத்தில் முழுமையான, குறையில்லாத கல் என்றுதான் பொருள். அவர்களுக்குச் சரியான கல் என்றால் முத்திரை விழுந்த கல். இன்றும் நம் ஊரில் எடைக்கல்லைச் சோதிக்கும் அதிகாரிக்கு முத்திரை ஆய்வாளர் என்றே பெயர். எடைக்கல்லுக்கும் கோல் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறை, மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

மின்னணுத் தராசு வந்துவிட்டதால் கள்ளம் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சரக்கு வைப்பதற்கு முன் திரையில் 0.000 இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும். நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் இருக்க வேண்டும். விளைபொருளை மூட்டையாக விற்கும் விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மூட்டையின் ஓரம் சுவரிலோ தரையிலோ பட்டால் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும், எடை குறைந்தே காட்டும். இதில் தராசின் மேல் குற்றமே இல்லை, நிறுத்தவர் மேல்தான். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கிறார்களே, அந்தக் கழிவு எவ்வளவு என்பதை நிறுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எப்பாவில் கை வைப்பதற்கு இன்று அதுவே வழி.

கூலிக்கு வருவோம். லேவியராகமம் 19:13 கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24:15 பொழுது போகுமுன்னே கொடு என்கிறது. காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான். நாள்கூலிக்காரனுக்கு அன்றைய கூலிதான் அன்றைய அரிசி. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் 17ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: நாள்கூலி என்றால் அன்றைய வேலை முடிந்தவுடன், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதி முடிவதற்குள், வேலையை விட்டுப் போனவருக்கு இரண்டு வேலை நாளுக்குள்.

இஸ்ரேலின் கடலோரத்தில் மெத்சாத் ஹஷாவியாகு என்ற கோட்டையில் 1960இல் ஓர் எழுத்துள்ள பானை ஓடு கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுப்புக்காரன் ஒருவன் அதிகாரிக்கு எழுதுவித்த மனு அது. எனக்கு விதித்த தானியத்தை அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்தாயிற்று, அதற்குப் பிறகும் கண்காணி வந்து என் மேலாடையைப் பிடுங்கிக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள், ஆடையைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்கிறான். ஏழையிடம் அடகாக வாங்கிய மேலாடையைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, இரவில் அவன் போர்த்துக்கொள்ள அதுதான் இருக்கிறது என்ற யாத்திராகமம் 22:26-27 அவனுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அவனுடைய வழக்கு அதேதான். அவன் சோம்பேறி இல்லை. அறுத்து முடித்தவன்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதினால் இந்த வசனங்களுக்கும் இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை அரிசியும் நெல்லும் வந்து குவியும் அல்லவா, அதை நிறுத்து ஏலம் விடும் தராசில் கடைசி முத்திரை எந்த ஆண்டுடையது என்று சபை மூப்பர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.