மில் நிலத்தில் முடிவெடுக்கும் முன்: புதுச்சேரி அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், அமைச்சர்களுக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கும் பஞ்சாலைகளைப் பற்றி எழுதுகிறேன். மூன்று மில்லும் அரசின் கையில்தான் இருக்கின்றன. சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று நீங்கள் கோப்பில் எழுதுவதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சவானா மில், கெப்ளே மில், ரோடியர் மில் என்றுதான் சொல்கிறார்கள். ஏ.எஃப்.டி. மூடப்பட்டது 2020 ஏப்ரலில். நகரத்துக்கு நடுவில் இவ்வளவு நிலம் சும்மா இருந்தால் எல்லோர் கண்ணும் அதன்மேல் போகும். பேருந்து நிலையம் ஆகட்டும், அடுக்குமாடி ஆகட்டும், எது வந்தாலும் அதற்கு முன் ஒரு முடிவு எடுங்கள்: அந்தக் கட்டடங்களில் ஒன்றையாவது தொழிலாளர் வரலாற்று அருங்காட்சியகமாக நிறுத்திவையுங்கள்.

1936 ஜூலை 30 அன்று இந்த ஊரில் என்ன நடந்தது என்று கடற்கரைச் சாலையில் நடக்கும் சுற்றுலாப் பயணியிடம் கேட்டுப் பாருங்கள். அதைவிட, நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். வேலை நேரத்தைக் குறை, கூலியை உயர்த்து, சங்கம் வைக்க விடு என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அன்று பாரீஸில் ஆட்சியில் இருந்தது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி. அங்கே தொழிலாளிக்கு ஒரு நியாயம், இங்கே துப்பாக்கி. இந்த முரணைப் பிடித்துக்கொண்டுதான் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பாரீஸ் வரை போய் வாதாடினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் அதில் கிடைத்தன. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கடலூரில், சட்டப்படியே வாரத்துக்கு 54 மணி நேரம் ஆலையில் நிற்கலாம். அது 48 ஆகக் குறைய 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியா முழுவதும் பேசவேண்டிய ஒரு சாதனை இது. நாமோ ஆண்டுக்கு ஒருமுறை, தொழிற்சங்கத்தார் அஞ்சலி செலுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த இயக்கத்துக்கு ஆள் பலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலும் இந்த மில் வாசலில்தான் வந்து நிற்போம். சுப்பையாவுக்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பகுதி நூற்பிலும் தறியிலும் வேலை பார்த்தவர்கள். 1954 நவம்பர் 1 விடுதலை நாள் விழாவில் அவர்களுக்குத் தனியாக ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

பழைய கட்டடத்தைக் காப்பாற்றத் தெரியாத ஊர் அல்ல இது. 2014 மழையில் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் கால நகர்மன்றக் கட்டடம், இடிந்து விழுந்தபோது, பழைய வடிவத்திலேயே திரும்ப எழுப்பினோம். பாரதி குடியிருந்த வீடும் பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. சரி, நல்லது. ஆனால் காப்பாற்ற வேண்டியது எது என்று நாம் வரையும் கோடு ஏன் ரயில்வே கேட்டைத் தாண்டி மில் பக்கம் வருவதில்லை? மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மட்டும்தான் பாண்டிச்சேரி என்றால், நீலம் தோய்த்த கினித் துணியை மேற்கு ஆப்பிரிக்கா வரை அனுப்பிய ஊர் எங்கே போனது?

அமெரிக்காவில் லோவெல் என்றொரு பழைய மில் நகரம். அங்கே 1978இல் ஆலைப் பகுதியையே தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு கூடம் நிறையத் தறிகளை ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். அந்த இரைச்சலைக் கேட்டால்தான், எட்டு மணி நேரம் என்று கேட்டவன் எதற்காகக் கேட்டான் என்று புரியும். தறிக்கூடத்தில் பேச்சே எடுபடாது. சைகையும் உதட்டசைவும்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நூல் சுற்றும் பழைய பாபினை வைத்து விளக்க முடியாது, இரண்டு தறியையாவது ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் முதலியார்பேட்டையில் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு வயதாகிறது என்பதுதான் என் அவசரம். கட்டடம் இன்னும் சில மழையைத் தாங்கும். 1980களில் மில் அரசிடம் வந்ததையும், 2011 தானே புயலையும், அப்புறம் லே-ஆஃப் என்று பாதிச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்த காலத்தையும் சொல்லத் தெரிந்தவர்களிடம் இப்போதே போய்ப் பேசிப் பதிவு செய்யவேண்டும். பல்கலைக்கழக மாணவர்களை அனுப்பலாம். பெரிய செலவு ஆகாது. மில் அலுவலகத்தில் மிச்சமிருக்கும் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், இயந்திர வரைபடம் எதையும் எடைக்குப் போடாமல் ஆவணக்காப்பகத்தில் சேருங்கள். இயந்திரங்களையும் மொத்தமாக ஏலத்தில் விட்டுவிடாதீர்கள்.

தொழிலாளருக்குச் சேரவேண்டிய பாக்கி எதுவும் இருந்தால் அதுதான் முதலில். பாக்கி வைத்துக்கொண்டு நினைவகம் திறப்பது அவர்களை அவமதிப்பதாகும்.

வரும் ஜூலை 30க்குள் எந்தக் கட்டடம், யார் பொறுப்பு, எவ்வளவு நிதி என்பதைச் சட்டமன்றத்தில் அறிவியுங்கள். அறிவிப்பு வரும்வரை எந்த மில்லிலும் சுவரை இடிக்க உத்தரவு போடாதீர்கள்.

இப்படிக்கு,
முதலியார்பேட்டையிலிருந்து ஒரு குடிமகன்