கடலில் விட்ட ஆமை பிழைத்ததா? வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

வலையில் சிக்கியோ விசைப்படகின் காற்றாடியில் வெட்டுப்பட்டோ கரை சேரும் கடலாமையைத் தேற்றிக் கடலில் விடுவது நல்ல பணி. ஆனால், கொடுத்த சிகிச்சை பலித்ததா என்பது கடலில் அந்த ஆமை எப்படி வாழ்கிறது என்பதில்தான் தெரியும். ஆகவே, ராமநாதபுரம் கடற்கரையில் தேற்றி விடப்படும் ஆமைகளைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும், அதில் தெரிய வருவதை மீனவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நுரையீரலில் அடிபட்ட ஆமை தொட்டியில் நன்றாகத் தீனி எடுத்தாலும் ஆழத்தில் மூழ்க முடியாமல் போகலாம். ஓட்டின் மேல் பசையால் ஒட்டப்படும் செயற்கைக்கோள் கருவி, ஆமை மூச்செடுக்க மேலே வரும்போது மட்டும் சமிக்ஞை அனுப்பும். ஆழம் பதியும் வகையாக இருந்தால் அது எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் மூழ்கியது என்பதும் தெரியும். நாள் முழுதும் மேற்பரப்பிலிருந்தே சமிக்ஞை வந்தால், ஆமை மூழ்க முடியாமல் மிதக்கிறது என்றோ, கழன்ற கருவி மட்டும் மிதக்கிறது என்றோ ஐயுறலாம். சமிக்ஞை நின்றுவிட்டால் ஆமை இறந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், கொட்டலசு என்னும் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்கள் கருவியின் மேல் படிந்திருக்கலாம், சமிக்ஞை அனுப்பும் அலைக்கம்பி (ஆன்டெனா) முறிந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறியத் தேர்ந்தவர்கள் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

பேராமைகள் (பச்சைக் கடலாமைகள்) பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளில் மேய்பவை. விட்ட பேராமை எந்தப் படுகையில் தங்குகிறது, அங்கே இழுவலை ஓடுகிறதா என்பது தெரிந்தால், அடுத்த ஆமையை எங்கே, எப்போது விடலாம் என்று தீர்மானிக்க முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விடுவது ஆமை பிழைக்க உதவுகிறதா என்பதையும் இப்படித்தான் அறிய முடியும்; அதற்காக, தேறிய ஆமையைத் தொட்டியிலேயே வைத்திருப்பது முறையல்ல என்பது என் கருத்து.

செயற்கைக்கோள் கருவி விலை மிகுந்தது. எல்லா ஆமைக்கும் பொருத்த இயலாது என்பதை உணர்கிறேன். ஆனால் எண் பொறித்த உலோகப் பட்டை ஒன்றைத் துடுப்பில் மாட்டாமல் எந்த ஆமையையும் விடக் கூடாது. அந்தப் பட்டையால் பயன் வருவது மீனவரின் கையில்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் முதல் அட்டவணையில் கடலாமை இருப்பதால், தற்செயலாக வலையில் விழுந்ததைச் சொன்னாலும் வழக்கு வரும் என்று அஞ்சி, பட்டையைப் பார்த்தவர் பேசாமல் இருந்துவிடலாம். உயிரோடு விட்டவரையும், இறந்து கிடந்ததைத் தெரிவித்தவரையும் குற்றவாளியாகப் பார்க்க மாட்டோம் என்ற உறுதியை எழுத்தில் தந்து, தொடர்பு எண்ணுடன் பாம்பன், மண்டபம், தொண்டி மீன் இறங்குதளங்களில் ஒட்டுங்கள். ஆமைக்குக் கடல் எல்லை தெரியாது என்பதால், பட்டை எண்களை இலங்கை வன உயிரினத் துறையுடனும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வலையை அறுத்து ஆமையை மீட்டவருக்கு அந்த வலையின் நட்டம் சிறிதல்ல. அவர் மீட்ட ஆமை எங்கே போயிற்று என்பதை வரைபடத்தோடு அவரிடமே சொல்லும் வழக்கத்தை, அடுத்து விடப்போகும் ஆமையிலிருந்தே தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்