ஏழு மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடியறை ஒழுக்கை ஒருவழியாக அடைத்துவிட்டோம். மற்ற செய்திகளை அப்புறம் எழுதுகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்றதும் எனக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. போன மூன்று ஞாயிறும் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

புற்றுநோயை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வைத்தே அடிக்கும் இம்யூனோதெரபி பற்றி நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். "இது இருக்கும்போது எதுக்குப்பா ஹார்மோன் மாத்திரை எல்லாம்?" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

போன தடவை டாக்டரிடமே கேட்டேன். நம் ரத்தத்தில் இருக்கும் டி-செல்கள் வேண்டாததைக் கண்டால் அடிக்கும். ஆனால் அவை நம் உடம்பையே அடித்துவிடக் கூடாது என்பதற்காக பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. சில புற்றுநோய் செல்கள் அந்த பிரேக்கை மிதித்துவிட்டுத் தப்பித்துக்கொள்கின்றன. இம்யூனோதெரபி மருந்து அந்தக் காலை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்யலாம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் ஆலிசன், ஹோஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018-இல் நோபல் கொடுத்தார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் பிரேக்கை எடுத்த பிறகு டி-செல்கள் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம். அதையும் விட, அவற்றுக்கு எதிரி யார் என்று அடையாளம் தெரிய வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்று போன்றவை உருமாறிப் போய் அந்நியனாகத் தெரியும். உனக்கு மார்பகத்திலும் எனக்குப் புரோஸ்டேட்டிலும் வந்தது ஹார்மோனைத் தின்று வளரும் ஜாதி. அது வீட்டு ஆள் மாதிரியே இருக்கும், டி-செல் அதைச் சுற்றி அதிகம் வருவதே இல்லையாம். மார்பகப் புற்றில் இந்த மருந்தை முக்கியமாகக் கொடுப்பது ஹார்மோனைச் சாராத டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு. உன்னுடையது அது இல்லை.

உன்னுடையதற்கு டமாக்சிஃபென் மாத்திரைதான். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவள் நீ. பில் கட்டிய காகிதத்தின் பின்பக்கம் வட்டம் வட்டமாக வரைந்து, "செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உட்கார ஒரு இடம் இருக்குப்பா, மாத்திரை முன்னாடியே போய் அதில் துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கும்" என்றாய். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஒரு நாள் மறந்துவிட்டால் குடி முழுகாது. அந்த மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். ஆனால் நம் ஜாதி நோய் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் திரும்பி வரும். ஐந்து வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த நோயால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடு.

போன வருஷம் வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து நின்றிருந்தாய். கழுத்தெல்லாம் வேர்வை. நானும் நனைந்த பனியனை மாற்றத்தான் எழுந்து வந்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. இந்தத் தடவை நீ விடியும் வரை அசந்து தூங்கினாய். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண்ணாடி அலமாரியில் உன் மாத்திரை அட்டை இருந்தது. நீ வந்த அன்று ஏழு. ஒன்பது நாள் கழித்து நீ கிளம்பும்போதும் ஏழு. வேறு அட்டையிலிருந்து எடுத்திருப்பாய். அப்படித்தான் இருக்கும். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பாப்பா, ரத்தத்தில் என் நோயைக் காட்டும் பி.எஸ்.ஏ. எண் ஏறியபோது ஊசி வேலை செய்யவில்லை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். ஊசியை நான்தான் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, மூளையிலிருந்து வரும் உத்தரவை அடக்கி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நிறுத்திவிடும். நோய்க்குத் தீனி கிடைக்காது. ஆனால் எனக்கு மார்பில் சதை போட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. நான் ஆம்பளையே இல்லை என்று தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். எதிரே மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஊசி போட்டாயிற்று என்று வீட்டில் வந்து சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 0.2 இருந்தது 6-ஐத் தாண்டிவிட்டது. மறுபடி ஊசியைத் தொடங்கியும் பழைய எண்ணுக்கு வரவில்லை. அதனால்தான் இப்போது வெறும் வயிற்றில் அபிராட்டிரோன் மாத்திரையும் கூடவே ஸ்டீராய்டும். உன் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

சிலருக்கு டாக்டரே கணக்குப் பார்த்து ஊசியை நிறுத்தி வைப்பாராம். அடிக்கடி ரத்தம் பரிசோதித்து, எண் ஏறினால் திரும்பத் தொடங்குவாராம். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. நான் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

உன் மாத்திரையிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. உனக்கு என்று சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள். 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் ஹார்மோன் சிகிச்சை எடுத்த சுமார் 500 இளம் பெண்கள், குழந்தைக்காக இரண்டு வருஷம் வரை மருந்தை நிறுத்தினார்கள். முதல் மூன்று வருஷம் பார்த்ததில் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. அந்த ஆய்வில் நிறுத்திய பிறகு மூன்று மாதம் பொறுத்தார்கள், ஏனென்றால் அந்த மருந்து சிசுவுக்கு ஆகாது. குழந்தை பிறந்த பிறகு மறுபடி தொடங்க வேண்டும். எல்லாம் டாக்டர் ஸ்கேன் பார்த்து, நாள் குறித்துச் செய்வது. உனக்கு இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய்க் கேட்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் நினைக்க மாட்டேன்.

வேர்வைதான் தொந்தரவு என்றால் அதற்கும் மருந்து இருக்கிறது. ஆனால் நீயாக எதையும் வாங்கிப் போடாதே. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் டமாக்சிஃபெனைக் கல்லீரலில் வேலை செய்ய விடாது. டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடு. மாத்திரையை ஒழுங்காகப் போடு.

வரும் 14-ஆம் தேதி எனக்கு அடுத்த ஊசி. போட்டதும் கார்டில் தேதி எழுதித் தருவார்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். டாக்டரைப் பார்க்க நீ என்றைக்குப் போகிறாய் என்று தேதியை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா