கதிரிலேயே முளைத்த நெல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் பருவ நெல் மழையில் முளைத்துப்போனது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வீரவநல்லூரில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கோட்டை விதைப்பாட்டில் (ஒரு கோட்டை விதை விதைக்கும் அளவு நிலத்தில்) நாங்களும் அம்பை 16 என்ற நெல் ரகத்தை நட்டிருந்தோம். தண்ணீர் பிந்தியதால் அறுவடை ஐப்பசிக்குத் தள்ளிப்போயிற்று. நான்கு நாள் அடைமழை. சாய்ந்து கிடந்த பயிரைத் தூக்கிப் பார்த்தால் கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக முளை. வியாபாரி ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, பாதி விலைதான் தருவேன் என்றார்.

நான் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள். வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்வோம். உமி நீக்கிய நெல்மணியைக் குறுக்கே வெட்டி, கரு உள்ள பாதியையும் இல்லாத பாதியையும் கஞ்சிப்பசை ஊற்றி உறையவைத்த தட்டில் இரண்டு நாள் ஈரமாக வைத்து, பிறகு அயோடின் ஊற்றுவோம். தட்டு கருநீலமாகிவிடும், கரு உள்ள பாதியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெளுத்து நிற்கும். அங்கே இருந்த மாவுச்சத்தை அமைலேஸ் என்ற நொதி கரைத்துவிட்டது. கருவிலிருந்து வரும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன், தவிட்டுப் படலத்தைத் தூண்டி அந்த நொதியைச் சுரக்க வைக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனோ அதைத் தடுத்து விதையை உறங்க வைக்கிறது. ஐப்பசி மழையில் எங்கள் வயலில் கலைந்தது அந்த உறக்கம்தான்.

நெல்லில் ஆல்ஃபா அமைலேஸ் எனப்படும் அந்த நொதிக்கு ஒரு மரபணுக் குடும்பமே உண்டு. அதில் சில ஜிப்ரெல்லினுக்கு விழிக்கும். ஒன்று சர்க்கரை குறைந்தால் விழித்துக்கொள்ளும். நீரில் மூழ்கிய விதை முளைவிடுவதற்கு அது துணை. எனவே குடும்பம் முழுவதையும் அடக்கிவிட முடியாது, நாற்றங்காலில் அது நமக்கு வேண்டும். முற்றிய கதிர் வயலில் நிற்கும் அந்தச் சில நாள்கள் மட்டும் உறங்கினால் போதும். நம் ரகங்களில் இவற்றில் எது முதலில் விழிக்கிறது, எத்தனை நாள் ஈரத்துக்குப் பின் விழிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நெல்லின் முழு மரபணு வரிசை 2005இலேயே வெளியாகிவிட்டது. அந்தப் பணியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பை 16 பிறந்ததே அங்குதான். பக்கத்தில் கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி. அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு ரகத்துக்கு வயது இத்தனை நாள், விளைச்சல் இத்தனை கிலோ என்று அச்சிடும்போது, மழையில் எத்தனை நாள் முளைக்காமல் நிற்கும் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

சாய்ந்து நனைந்த அதே வயலில் சில கதிர்கள் முளைக்கவே இல்லை. அவற்றைத் தனியே அறுத்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு யார் கேட்டாலும் பஸ் ஏறி நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்.